வாடகைப் பவளம்

குனியாதே, உவாய்லா.
கொண்டையும் மாலையும் சேர்த்து நாலரைக் கிலோ.
இன்றைக்கு மணமகள் என்பது
சிவப்பாக நிமிர்ந்து நிற்கிற ஒரு பாரம், அவ்வளவுதான்.

இந்தச் சரத்தில் மட்டும் இருநூற்றுப் பதின்மூன்று மணி.
எண்ணித்தான் தருகிறேன், எண்ணித்தான் வாங்குவேன்.
நோட்டில் உன் அண்ணன் கையெழுத்து.
முன்பணம் டப்பாவில்.
சென்ட் அடிக்காதே;
மெருகைத் தின்ன வியர்வையே போதும்.

தொட்டுப் பார்த்தாயா?
ஜெனரேட்டர் புகையில் அறையே வேகிறது,
இது மட்டும் குளிர்ந்து கிடக்கிறது.
கல் என்பார்கள். கல் இல்லை.
ஏதோ ஒரு கடலின் இருட்டில்
கடுகைவிடச் சிறிய கோடி வாய்கள்
தின்று, செத்து,
ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுப்போன எலும்பு.
நம் கடலில் இது முளைப்பதில்லை.
போர்த்துக்கீசியக் கப்பல், இத்தாலியப் பட்டறை, லாகோஸ் தரகன் என்று
கை மாறிக் கை மாறி பெனினுக்கு வந்தது.
அரசனின் மார்பில் ஏறிய நாள்முதல்
இங்கேயே பிறந்ததாகப் பேசுகிறோம்.
மருமகள்களையும் அப்படித்தானே.

பிடரியில், கொக்கிக்குக் கீழே
ஒரு மணி சொரசொரவென்று படும்.
கேட்பாய். எல்லோரும் கேட்கிறார்கள்.
மூன்று வருஷம் முன்பு
ஒரு மாப்பிள்ளையின் அத்தை
எலுமிச்சையும் கையுமாக வந்தாள்:
"பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு
எங்கள் வாசல் மிதிக்கக் கூடாது."
ஒரு சொட்டு விட்டாள்.
மணி நுரைத்தது,
மிகச் சின்னதாக, காதோடு சொல்வதுபோல.
அத்தை தலையாட்டினாள், பெண் உள்ளே போனாள்.
துடைத்துப் பார்த்தேன்.
சொட்டு விழுந்த இடத்தில் மெருகு இல்லை.
பொய் மணியாக இருந்திருந்தால்
ஒன்றும் ஆகாமல்
பளபளவென்று வீடு திரும்பியிருக்கும்.
அன்றிரவே அதைப் பிடரிக்கு மாற்றினேன்.

*

திங்கட்கிழமை மாலை வந்துவிட்டது.
உவாய்லாவின் தம்பி கொண்டுவந்தான்,
பவுடர் வாசனையோடு,
சரத்தில் சிக்கிய ஒரு நைரா நோட்டோடு.

எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று.
மறுபடி எண்ணினேன், இம்முறை உதட்டால்.
தொண்ணூற்றேழாவது மணி
இளஞ்சூடாக இருந்தது.
லேசாக இருந்தது.
மரத்தில் ஓடுவதுபோல் ஓடுகிற நுண்கோடு இல்லை,
ஊசிமுனைத் துளை இல்லை,
குறை என்று சொல்ல எதுவுமே இல்லை.
நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன்.
பஞ்சு சிவந்தது.

பையன் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நிற்கிறான்,
முன்பணத்துக்காக.

அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள்.
அவசர முடிச்சு, இரண்டு சுற்று;
நான் போடுவது மூன்று.
அத்தனை கண்களுக்கு நடுவில்
எப்போது? எந்தக் குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்?
பொய் மணியை முன்பே வாங்கியிருக்க வேண்டும்,
அளவு பார்த்து, நிறம் பார்த்து.
நான் மாலையை முதன்முதலில் காட்டிய அன்று
விலை கேட்காமல்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மேஜை இழுப்பறையில், ரசீதுகளுக்கு அடியில்
ஒரு தீப்பெட்டி.
அதற்குள் ஒரு மணி.
இன்னொருத்தியின் வாடகை மாலை
என் கழுத்தைவிட்டு இறங்கிய இரவில்
ஒன்று மட்டும் இறங்கவில்லை.
அந்தக் கல்யாணம் பதினோரு மாதம்.
மணி இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன், முழுசாக.
"அக்கா நன்றாக இருக்கிறாளா?"
"இருக்கிறாள்."
வண்டி போய்விட்டது.

சாய மணியைக் கழற்றி
பிடரிப் பக்கம், சொரசொரத்ததற்கு அடுத்துக் கோத்தேன்.
மெய் மங்கி, பொய் மின்னி,
தோளோடு தோள்.
மூன்று சுற்று முடிச்சு.

சனிக்கிழமைக்கு இதை
ஒரு வங்கி மேலாளரின் மகள் பதிந்திருக்கிறாள்.
பெரிய இடம், அத்தைகள் அதிகம்.
இருக்கட்டும்.
அத்தைகள் முன்பக்கத்தில்தான்
சொட்டு விடுவார்கள்.